இஸ்தான்புல்லில் தங்க எது நல்லது: ஹாஸ்டல் கட்டிலா, உள்ளூர்க்காரர் வீட்டு சோபாவா?

இஸ்தான்புல்லுக்குக் குறைந்த செலவில் போக நினைப்பவர்கள் ஹாஸ்டலையும், இணையத்தில் அறிமுகமாகி இலவசமாகத் தங்க இடம் தரும் உள்ளூர்க்காரர் வீட்டையும் காசை வைத்தே ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் வீடுதான் ஜெயிக்கும், அங்கே வாடகையே கிடையாது. ஆனால் அங்கே நாம் கொடுப்பது நேரம். அதனால் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மூன்று நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹாஸ்டல்தான். சுல்தான்அகமது பகுதியில் கட்டில் எடுத்தால் ஹாகியா சோபியா, நீல மசூதி, டோப்காபி அரண்மனை மூன்றுக்கும் நடந்தே போகலாம். நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. சாப்பாடு மட்டும் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சாப்பிடுங்கள்.

ஒரு வாரம் இருந்தால் என் ஓட்டு வீட்டுக்கு. அதிலும் ஆசியக் கரையில் இருக்கும் கடிக்கோய்ப் பக்கம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஐரோப்பியக் கரையில் இருக்கும் எமினோனு படகுத்துறையிலிருந்து படகில் இருபது நிமிடம்தான். இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையைத் தேய்த்து, வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களோடு போஸ்போரஸ் நீரிணையைக் கடக்கலாம்.

வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், நம் ஊர் போலத்தான். உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு தருவார்கள். காலை உணவுக்குத் தட்டு தட்டாக ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, தேன் எல்லாம் வரும். அடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கெட்டில் இருக்கும். மேலே கெட்டித் தேயிலைச் சாறு, கீழே வெந்நீர். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் சாற்றை ஊற்றி வெந்நீர் கலந்து தருவார்கள். குடித்து முடித்தால் உடனே நிரப்பிவிடுவார்கள். போதும் என்றால் குவளையின் வாயில் கரண்டியைக் குறுக்காக வைக்க வேண்டும். இந்த உபசரிப்பை ஹாஸ்டலில் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

சரி, சிக்கல் எங்கே? சாவியில். வெளியூர் ஆளிடம் எல்லோரும் சாவி தர மாட்டார்கள். தங்க இடம் தருபவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் நீங்களும் கிளம்ப வேண்டும். அவர் திரும்பும்போதுதான் நீங்களும் திரும்ப முடியும். இதை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மாலையில் அவரோடு உட்கார்ந்து பேச மனமில்லாதவர்கள் இந்த வழிக்கே போக வேண்டாம். இலவச அறை என்று மட்டும் நினைத்துப் போவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இப்படி இடம் தருபவர்களைத் தேடுவதற்கென்று 2004-இல் தொடங்கிய கவுச்சர்ஃபிங் இணையதளம், 2011-இல் லாப நோக்க நிறுவனமாக மாறி, 2020-இல் உறுப்பினர் கட்டணம் வைத்தது. இதே மாதிரித் தளங்களான பிவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் இன்றும் இலவசம், ஆனால் ஆட்கள் குறைவு. எதில் தேடினாலும் முன்பு தங்கியவர்கள் எழுதியதை முழுக்கப் படியுங்கள். தனியாகப் போகும் பெண்கள், முன்பு தங்கிய பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் தேடிப் படிக்க வேண்டும். பெண்களே வரவேற்கும் வீடுகளும் குடும்பங்களும் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒரு ஹாஸ்டல் முகவரியும் அதற்கான பணமும் தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது வழி, வாடகைக்கு வீடு எடுப்பது. துருக்கியில் 2024 ஜனவரி முதல், 100 நாள் வரையிலான சுற்றுலா வாடகைக்கு அரசு அனுமதி வேண்டும், வாசலில் அதற்கான பலகையும் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் அனுமதி உண்டா என்று கேளுங்கள். தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது. நாலு பேராகப் போனால் பார்க்கலாம்.

நான் சொல்வது, முதல் இரண்டு இரவு ஹாஸ்டல். அந்த நாட்களிலேயே, இலவசமாக இடம் தருகிறவரைக் கடிக்கோய்ப் பக்கம் இருக்கும் மோடா கடற்கரையில் தேநீருக்குச் சந்தியுங்கள். பேசிப் பார்த்துப் பிடித்திருந்தால் மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு படகேறலாம். மனம் ஒப்பவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே தங்கிவிடலாம்.