விமானம் வந்தாச்சு, மாமா வரலை: மூன்று வருஷ ஆப் அனுபவம்

"விமானம் எங்கே பறக்குதுன்னு காட்டுற ஆப்புக்குப் போய் சந்தா கட்டுறியே, பிரயோஜனம் இருக்கா?" என்று நண்பர் கேட்டார். பல்லாவரத்தில் குடியிருக்கும் பாவத்துக்கு, சென்னையில் வந்திறங்கும் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவரும் வேலை என் தலையில்தான். மூன்று வருஷமாக இந்த ஆப்பைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கிறேன்.

எரிச்சல் ஒன்றே ஒன்று: 'தரையிறங்கியது' என்ற அறிவிப்பு. அது வந்த நொடியே அம்மா, "தம்பி வந்துட்டான், இன்னும் உக்காந்திருக்கியே" என்று சாவியை நீட்டுவார். அடித்துப் பிடித்துப் போய் அடுக்குமாடி பார்க்கிங்கில் நிறுத்தினால், சிங்கப்பூர் மாமா அப்போதுதான் இமிகிரேஷன் வரிசையில் நிற்பார். பிறகு பெல்ட். போன முறை சிவப்பு ரிப்பன் கட்டிய யாருடைய பெட்டியையோ இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்து, திரும்பிப் போனார். அவர் வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். ஆப் மேல் கோபப்படுவது நியாயமில்லை. சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதை மட்டும்தான் அது சொல்கிறது. இருந்தும் அந்த வார்த்தையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மற்றபடி குறை சொல்ல முடியாது. விமானமே தன் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டு வருகிறது. மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் ஆர்வலர்கள் அதைப் பிடித்து அனுப்புகிறார்கள். நடுக்கடலில் பிடிக்க ஆளில்லாத இடத்தில் ஆப் உத்தேசமாகப் படத்தை நகர்த்தும். காற்று வடகிழக்கு என்றால் விமானம் நேரே இறங்காது. மேற்கே போய்த் திரும்பி, பம்மல் பக்கமாக வரும். அதைப் பார்த்துவிட்டு நான் நிதானமாகச் சட்டை மாட்டுவேன்.

போன நவம்பரில் ஒரு மழை ராத்திரி. மாமாவின் விமானம் கடலுக்கு மேல் வட்டமடித்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணினார்: நாலு சுற்று. ஐந்தாவது சுற்றுக்குத் திரும்பாமல் மூக்கு மேற்கே போனது. ஆம்பூரைத் தாண்டியதும், "பெங்களூருக்குப் போறான். நீ போய்ப் படு" என்றார். அந்நேரம் எத்தனை பேர் வருகை வாசலில் மாலையோடு நின்றிருப்பார்களோ! நான் லுங்கியோடு வீட்டில்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன், இலவசத்திலேயே இதெல்லாம் தெரியும். எனக்கு நேற்று இன்னொரு வருஷத்துக்குக் கட்டியாகிவிட்டது. சுற்று எண்ணும்போது நடுவில் விளம்பரம் வந்தால் அம்மாவுக்குக் கணக்கு விட்டுப்போகிறதாம்.