இறால் அலர்ஜி: தோலில் குத்திப் பார்ப்பதா, ரத்தம் எடுப்பதா?

நாகப்பட்டினத்து இறால் தொக்கு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் அக்கா மகனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. தஞ்சாவூரில் காட்டியபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று, தோலில் குத்திப் பார்ப்பது. முன்னங்கையில் பேனாவால் குறி போட்டு, இறால், நண்டு என்று ஒவ்வொரு சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, யாருக்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் ஒரு சொட்டு, தடிக்க வைக்காத உப்புநீர் ஒரு சொட்டு. 15, 20 நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடிக்கும். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். ஆனால் அரிப்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இவனோ செட்டிரிசினை மிட்டாய் மாதிரி தின்றுகொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, ரத்தம் எடுத்து, அலர்ஜிக்குக் காரணமான ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் இறாலுக்கு எதிராக இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு மாத்திரையை நிறுத்தும் தொல்லை இல்லை. தோல் முழுக்கக் கரப்பானாக இருந்தாலும் எடுக்கலாம். செலவு கூடும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்த முடிந்தால் எனக்கு முதலாவதுதான் சரி. எதில் பாசிட்டிவ் வந்தாலும் அதை மட்டும் வைத்து அலர்ஜி என்று முடிவுகட்ட முடியாது. சாப்பிட்டபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் சொல்வார். சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம்.