தனியுரிமையா, பிரைவேட் லிமிடெட்டா? சிங்கப்பூர்ச் சிறுவணிகர்களுக்கு ஓர் ஒப்பீடு

தேக்காவில் கடை எடுக்கப்போகிறவர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒன்றை முடிவுசெய்துவிட வேண்டும். வணிகங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் (ACRA), ஒருவரே சொந்தப் பொறுப்பில் நடத்தும் தனியுரிமை வணிகமாகப் பதிவதா, சட்டப்படி உரிமையாளரிடமிருந்து தனித்து நிற்கும் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவதா? வாடகை ஒப்பந்தம், உணவுக்கடை உரிமம், வேலை அனுமதி, மானியம் எல்லாம் அந்தப் பதிவெண்ணில்தான் நிற்கும். பிறகு மாற்றப்போனால் அலைச்சல் அதிகம்.

பதிவுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. பெயருக்கு இரண்டிலும் 15 வெள்ளி. தனியுரிமைக்கு ஓராண்டுப் பதிவு 100 வெள்ளி, நிறுவனத்துக்கு 300. நிறுவனத்தின் உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்குள், சட்டப்படியான பதிவேடுகளைக் கவனிக்கும் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும். ஒரே இயக்குநர் இருந்தால் அவரே செயலாளராக இருக்க முடியாது, ஆகவே வெளியாளுக்கு ஆண்டுக்கட்டணம் உண்டு. அக்ராவில் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கைக்கு 60 வெள்ளி. தாமதித்தால் அபராதம் 300 வெள்ளியில் தொடங்கும். கணக்காளர் கட்டணம் தனி. சிறிய கடைகளுக்குத் தணிக்கை பெரும்பாலும் தேவைப்படாது.

வரிக்கு வருவோம். “கம்பெனி போட்டால் வரி குறையும்” என்று பலர் பொதுவாகச் சொல்வார்கள். எவ்வளவு லாபத்தில் குறையும் என்பதே கேள்வி. தனியுரிமையில் லாபம் முழுவதும் உங்கள் சொந்த வருமானம். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, பிறகு படிப்படியாக ஏறும். நிறுவனத்துக்கு 17 விழுக்காடு. ஆனால் தகுதியுள்ள புதிய நிறுவனத்துக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் (முந்தைய ஆண்டு வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு), முதல் 100,000 வெள்ளியில் 75 விழுக்காட்டுக்கும் அடுத்த 100,000 வெள்ளியில் பாதிக்கும் விலக்கு உண்டு.

வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தனியுரிமையில் வரி 3,350. புதிய நிறுவனத்தில் 3,400. ஏறக்குறைய சமம்தான். செயலாளர், கணக்காளர் கட்டணத்தைச் சேர்த்தால் தனியுரிமையே மலிவு. 150,000 வெள்ளியில் தனியுரிமைக்கு 12,450, புதிய நிறுவனத்துக்கு 8,500. ஆனால் நான்காம் ஆண்டிலிருந்து விலக்கு சுருங்கிவிடும்: முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காடு, அடுத்த 190,000 வெள்ளியில் பாதி. அப்போது அதே 150,000 வெள்ளிக்கு நிறுவன வரி 12,325. மூன்றாண்டுச் சலுகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

லாபத்தை எடுக்கும் விதமும் முக்கியம். தனியுரிமையாளர் தனக்குத் தானே சம்பளம் போட்டு அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. எடுப்பதெல்லாம் சொந்தப் பணம். நிறுவனத்தில் இயக்குநருக்குச் சம்பளம் கொடுத்தால் அது செலவு, ஆனால் மத்திய சேம நிதிச் சந்தாவும் சேர்ந்து வரும்: 55 வயது வரை நிறுவனத்தின் பங்கு 17, அவர் பங்கு 20 விழுக்காடு. வீட்டுக் கடனுக்குச் சேம நிதியை நம்பியிருப்பவருக்கு இது நல்லதே. தனியுரிமையாளருக்கு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் சேம நிதியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் மட்டும் கட்டாயம்.

பகலில் வேலை, மாலையில் சிறு வியாபாரம் என்று தொடங்குகிறவருக்குத் தனியுரிமையே நல்லது. முதலாண்டு நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் நஷ்டம் நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

பொருள் சேவை வரியில் கவனம் தேவை. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒருவர் பெயரில் மளிகைக்கடை, பூக்கடை, கேட்டரிங் என மூன்று தனியுரிமைகள் இருந்தால் மூன்றின் விற்றுமுதலையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் நான்கு லட்சம் என்றால் வரம்பு ஏற்கெனவே தாண்டியாயிற்று. கவனிக்காமல் விட்டால், வாடிக்கையாளரிடம் வசூலிக்காத 9 விழுக்காட்டைச் சொந்தக் கையிலிருந்து கட்ட நேரிடும். நிறுவனம் சட்டப்படி தனி ஆள் என்பதால் அதன் கணக்கு தனி. ஆனால் வரியைத் தவிர்ப்பதற்காகவே ஒரே வியாபாரத்தை வெட்டிப் பிரித்தால் உள்நாட்டு வருவாய் ஆணையம் அவற்றை ஒன்றாகவே கருதும்.

ஆதரவுத் திட்டங்களில் நிறுவனத்துக்கே கை ஓங்கியிருக்கிறது. 2024, 2025 மதிப்பீட்டு ஆண்டுகளில், குறைந்தது ஓர் உள்ளூர் ஊழியருக்குச் சேம நிதி கட்டிய நிறுவனங்களுக்கு 2,000 வெள்ளி ரொக்க மானியம் வந்தது. அதே ஆண்டுகளில் தனியுரிமையாளருக்குப் பொருந்தும் தனிநபர் வருமான வரித் தள்ளுபடியின் உச்சம் 200 வெள்ளி. கல்லாப்பெட்டி மென்பொருள் போன்றவற்றுக்கு உற்பத்தித்திறன் தீர்வு மானியம் தகுதியுள்ள செலவில் பாதி வரை தரும். உள்ளூர் பங்குடைமை குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் விற்பனையாளரிடம் கையெழுத்தோ முன்பணமோ கொடுத்துவிட்டால் அந்த மானியம் கிடைக்காது.

கடன் பொறுப்பில் தனியுரிமையாளரின் வீடும் சேமிப்பும் வியாபாரக் கடனுக்குப் பிணை போலத்தான். நிறுவனத்தில் சப்ளையர் பாக்கியும் வாடிக்கையாளர் இழப்பீட்டு வழக்கும் பொதுவாக நிறுவனத்தோடு நிற்கும். ஆனால் இயக்குநர் சொந்த உத்தரவாதம் கொடுத்திருந்தால் அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறுநிறுவனத்துக்குக் கடன் தரும் வங்கி அதைத்தான் முதலில் கேட்கும். அடுப்பும் ஆட்களும் உள்ள சாப்பாட்டுக் கடைக்கு, லாபம் 80,000 வெள்ளிக்குக் கீழே இருந்தாலும் நிறுவனமே பாதுகாப்பு. தையல், டியூஷன், பூக்கட்டு போன்றவற்றுக்குத் தனியுரிமையே போதும்.

பின்னர் மாற விரும்பினால் தனியுரிமை அப்படியே நிறுவனமாக உருமாறாது. புதிய நிறுவனத்தைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை அதன் பெயருக்கு மாற்ற கடையின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும். உணவுக்கடை உரிமத்துக்கும் வேலை அனுமதிகளுக்கும் புதிய பெயரில் ஏற்பாடு செய்ய வேண்டும். இவை கைக்கு வரும் வரை பழைய பதிவை முடிக்காதீர்கள். இடையில் விட்டுப்போனால் கடையைத் திறக்க முடியாத நாட்களுக்கும் வாடகை ஓடும்.