வெள்ளை அடைப்பும் கடைவாயில் விழுந்த இடைவெளியும்

மூதூரில் இருக்கும் மைத்துனர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அத்தான், பல்லு நிறத்திலயே அடைக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறார், நீங்களும் வச்சிருக்கிறீங்கள்தானே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். முன்பல் ஒன்றிலும் கடைவாய்ப் பல் ஒன்றிலும் கொம்போசிற் எனப்படும் அந்தப் பல் நிற அடைப்பைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையிலும், அவற்றில் ஒன்றை அண்மையில் திருத்திக்கொண்டவன் என்ற முறையிலும், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் முன்பல்லைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓரம் உடைந்திருந்த அந்தப் பல்லை, ஊசியும் இல்லாமல், பெரிதாகக் குடைதலும் இல்லாமல், ஒரே அமர்வில் முழுமையாக்கினார்கள். திருகோணமலை நகரில் என்னோடு அன்றாடம் பேசுபவர்களில் ஒருவர்கூட எது பல், எது அடைப்பு என்று இதுவரை கண்டுபிடித்ததில்லை. நிறம் இவ்வளவு பொருந்தியதற்கு, பல்லை உலர்த்துவதற்கு முன்பே மாதிரித் துண்டுகளை அருகில் வைத்து நிறத்தைத் தெரிவு செய்தது ஒரு முக்கிய காரணம். உலர்ந்த பல் தன் இயல்பைவிட வெளுத்துத் தோன்றுவதால், பிறகு பார்த்துத் தெரிவு செய்தால் அடைப்பு தவறாக வெளிறிவிடும்.

குடையாமலே அது ஒட்டி நிற்பதற்கு அடிப்படையாக இருப்பது, 1955ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் வெளியிட்ட ஆய்வு. பல்லின் மேற்பரப்பான மிளிரியைப் பொஸ்பரிக் அமிலத்தால் சிறிது நேரம் அரித்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாகி, அவற்றினுள் பிசின் புகுந்து இறுகிக்கொள்ளும் என்பதை அவர் காட்டினார். அவர் பயன்படுத்தியது 85 சதவீத அமிலம்; இன்று பெரும்பாலும் 37 சதவீத அளவிலான கூழ் போதும் என்று கண்டிருக்கிறார்கள். பின்னர் ரஃபாயெல் போவன் உருவாக்கி 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினே, நுண்ணிய கண்ணாடி அல்லது சிலிக்காத் துகள்களைச் சேர்த்துக்கொண்டு, இன்றைய கொம்போசிற்றுகள் பலவற்றிற்கும் அடித்தளமாக இருக்கிறது. நீல ஒளியைக் காட்டியவுடன் அது இறுகுவதற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் கம்ஃபர்குவினோன் என்ற பொருள் ஏறத்தாழ 468 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சி வேதிவினையைத் தொடக்கி வைப்பதாகும்.

தேநீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பிளேன்ரீ இல்லாமல் என் நாள் நகராது. மஞ்சள் சேராத குழம்பும் எங்கள் வீட்டில் இல்லை. முன்பல்லின் அடைப்பில் ஓரத்தில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு வந்தது. மீண்டும் மெருகூட்டியபோது அது போய்விட்டது. பற்களை வெளுப்பாக்கும் எண்ணம் உள்ளவர்கள் அதை அடைப்புக்கு முன்பே செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அந்தச் சிகிச்சை அடைப்பின் நிறத்தை மாற்றாது.

என் பொறுமையைச் சோதித்தது கடைவாய்ப் பல். இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கத்தில் சொத்தை விழுந்திருந்ததால், அந்தச் சுவரையே கொம்போசிற்றால் கட்ட வேண்டியிருந்தது. கட்டி முடித்த அன்று பார்வைக்கு அழகாகவே இருந்தது. அன்றிரவே சூரை மீனின் நார் அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. அடுத்தடுத்து முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கின் நார், மாம்பழ நார் என்று சாப்பிட்ட ஒவ்வொன்றும் அதே இடத்தில் தங்கியது. அடைப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் தொடுகை இறுக்கமாக இல்லாவிட்டால், மெல்லும் விசை உணவை நேராக ஈறினுள் தள்ளிவிடும். ஈறு வீங்கும், இரத்தம் கசியும், பக்கத்துப் பல்லிலும் புதிய சொத்தை தொடங்கலாம். கல்யாண வீட்டில் பந்தியில் அமர்ந்து நாவால் இடுக்கைத் துழாவிக்கொண்டே பேச வேண்டிய நிலை எவ்வளவு தொல்லை என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். மனிதன் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காகத்தானே பல்லை அடைக்கிறான்.

இதற்கான காரணத்தைப் பின்னர் திருத்தம் செய்த பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பழைய வெள்ளி நிற அமல்கம் அடைப்பைக் குழியினுள் அழுத்தி அடைக்கும்போது, பல்லைச் சுற்றியிருக்கும் உலோகத் தகடு அந்த அழுத்தத்தால் பக்கத்துப் பல்லை நோக்கி வெளியே தள்ளப்பட்டு, தொடுகை பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். கொம்போசிற் அப்படித் தகட்டைத் தள்ளி நிறுத்தாது. தகடு எந்த வடிவில் நின்றதோ அந்த வடிவில்தான் சுவர் இறுகும். தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்களவே என்றாலும், பற்களைச் சற்று விலக்கிப் பிடிக்காமல் வேலை செய்தால், தகட்டை எடுத்தபின் அந்த அளவு இடைவெளியாகவே எஞ்சிவிடும். என் பல்லில் நிகழ்ந்தது இதுவே. திருத்தத்தின்போது அவர் அடைப்பு முழுவதையும் பெயர்க்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து, முன்கூட்டியே வளைத்துச் செய்யப்பட்ட சிறு தகட்டை வைத்து, ஆப்பைச் செருகி, பற்களை விலக்கும் வளையத்தையும் மாட்டி, பழைய கொம்போசிற்றின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் புதியதை அதனோடு ஒட்டினார். அமல்கத்தில் இவ்வாறு பகுதியளவில் திருத்துவது எளிதல்ல என்பதைப் பார்க்கும்போது, இது இந்தப் பொருளுக்கு ஒரு பெருமையே.

ஆகவே நியாயமாகப் பேசுவதானால் குற்றம் பொருளில் இல்லை, வைத்த முறையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். என்னால் அவ்வளவு எளிதாக அதைச் சொல்ல முடியவில்லை. உமிழ்நீர் பட்டால் ஒட்டாது. இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்கும் என்பதால் ஓரத்தில் இழுவிசை ஏற்படும். ஒளி ஆழமாக ஊடுருவாது என்பதால் வழக்கமான வகையை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படைகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக வைக்க வேண்டும். மிளிரிக்கு உள்ளே இருக்கும் பன்முதல் (டென்ரின்) என்ற படையில் ஈரப்பதம் கூடினாலும் குறைந்தாலும் பிணைப்பு பலவீனப்படும். வெளியே காத்திருப்போர் நிறைந்திருக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில் இத்தனையையும் ஒன்றுவிடாமல் செய்து முடிக்கும் நேரத்தை யார் தருவார்கள்? வைப்பவரின் பொறுமையை இவ்வளவு நம்பியிருப்பதும் அந்தப் பொருளின் குணங்களில் ஒன்றுதான். அந்தக் குணத்தின் விலையை நோயாளிதான் ஈறால் செலுத்துகிறார்.

எனவே மைத்துனருக்கு நான் சொன்ன பதில் கடுமையாகவே இருந்தது. முன்பல்லுக்கோ, கடைவாயின் மேற்பரப்பில் மட்டும் உள்ள சிறு குழிக்கோ தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். இரு பற்களுக்கிடையில் சுவர் கட்டவேண்டிய குழி என்றால், வளைந்த தகடும் விலக்கும் வளையமும் அங்கே உண்டா என்று முதலில் கேளுங்கள்; இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள், அல்லது வேறு பொருளைப் பற்றிப் பேசுங்கள். உண்டு என்று சொல்லி வைத்தாலும், கதிரையை விட்டு எழுவதற்கு முன் ஃப்ளொஸ் எனப்படும் பல் நூலைத் தரச் சொல்லி அந்த இடுக்கில் இறக்கிப் பாருங்கள். மற்றப் பற்களுக்கிடையில் இறங்குவதுபோல் சற்றுத் தடைபட்டு, பின் சட்டென்று நழுவி இறங்கினால் சரி. தடையே இல்லாமல் போனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னரே அதைச் சொல்லிவிடுங்கள்.