விவாகரத்தே இல்லாத கல்யாணம்: நான்கு சட்டங்கள், ஒரு கேள்வி

கடைசிவரை சேர்ந்திருக்கப் போகிறோம் என்று மனதார நினைத்துத்தான் எல்லோரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மூன்று வருடம் இருந்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டுக் கைபிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் திருமணம் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் விரும்புவதைத்தான் நானும் விரும்புகிறேன். அந்த நிரந்தரத்தைச் சட்டம் பூட்டுப்போட்டுக் காக்க முடியுமா என்ற இடத்தில்தான் நாங்கள் பிரிகிறோம்.

உலகம் இதுவரை முயன்று பார்த்த வழிகள் நான்கு. விவாகரத்தே கிடையாது என்பது ஒன்று. துணைவர் செய்த குற்றத்தை நிரூபித்தால் கிடைக்கும் என்பது இன்னொன்று. குற்றம் எதுவும் சொல்ல வேண்டாம், குறிப்பிட்ட காலம் காத்திருந்தால் போதும் என்பது மூன்றாவது. இறுக்கமான ஒப்பந்தம் வேண்டுமென்றால் தம்பதியே அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது நான்காவது. இவற்றை ஒப்பிடும்போது எத்தனை விவாகரத்து நடந்தது என்று எண்ணுவதுதான் வழக்கம். விவாகரத்து இல்லாத நாட்டில் அந்த எண் பூஜ்யமாகத்தானே இருக்கும்? அதை வைத்து ஒன்றும் தெரியாது. நான் கேட்பது வேறு: ஏற்கெனவே உடைந்துபோன ஒரு தம்பதியை அந்தச் சட்டம் நீதிபதி முன்னால் என்ன பேசவைக்கிறது?

பூட்டிய கதவு

சிலி நாட்டில் 2004 வரை விவாகரத்துச் சட்டம் இல்லை. ஆனால் பிரிந்துபோனவர்கள் மறுமணம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். எப்படி? திருமணத்தைப் பதிவு செய்யும் அதிகாரிக்கு அவருடைய எல்லைக்குள் வசிப்பவர்களுக்கு மட்டுமே பதிவு செய்துவைக்கும் அதிகாரம் உண்டு. பல வருடம் குடும்பம் நடத்தி, பிள்ளைகளும் பெற்ற இருவர் நீதிமன்றத்துக்கு வருவார்கள். கல்யாணத்தன்று இவர்கள் பதிவேட்டில் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்று சாட்சிகள் சத்தியம் செய்வார்கள். அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, ஆகவே கல்யாணமே செல்லாது என்று தீர்ப்பாகும். சாட்சி பொய் என்பது வழக்கறிஞருக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். இந்த நாடகத்துக்கு இருவரும் சம்மதிக்க வேண்டும், செலவுக்குப் பணமும் வேண்டும். கணவன் ஒத்துழைக்க மறுத்த மனைவிக்கும், வக்கீல் வைக்க வசதியில்லாத தம்பதிக்கும் மட்டும் கல்யாணம் உண்மையிலேயே நிரந்தரமாக இருந்தது.

இன்றைக்கு விவாகரத்துச் சட்டம் இல்லாமல் இருப்பது வத்திக்கானும் பிலிப்பைன்ஸும்தான். பிலிப்பைன்ஸிலும் முஸ்லிம்களுக்கு 1977 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்கு உள்ள முக்கிய வழி, 1987இன் குடும்பச் சட்டத்தின் 36ஆவது பிரிவு. திருமணக் கடமைகளை ஏற்கும் மனத்தகுதி கல்யாணத்தன்றே இருவரில் ஒருவருக்கு இல்லை என்று நிரூபித்தால் திருமணம் செல்லாததாகும். இடையில் வந்த மாற்றம் கணக்கில் வராது. ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் பத்து வருடம் நன்றாக வாழ்ந்து பிறகு கசந்துபோனவர்களும் பழைய நாட்களைத் தோண்டி, அப்போதே இவர் சரியில்லை என்று கதை சொல்ல வேண்டியிருக்கிறது. மனநல நிபுணரின் சாட்சியம் கட்டாயமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன பிறகும் அடிப்படை மாறவில்லை. சட்டப்படி பிரிந்து வாழ அனுமதி வாங்கலாம், மறுமணம் முடியாது. வேறொருவரோடு வாழத் தொடங்கினால் குற்ற வழக்கே வரலாம். அந்த வழக்கிலும் மனைவி மீது நிரூபிப்பது சுலபம், கணவன் மீது நிரூபிக்கக் கூடுதல் நிபந்தனைகள். 2024 மே மாதம் கீழவை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. மேலவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை.

பூட்டிய கதவுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. வேலையை விட்டு, பிள்ளைகளை வளர்த்து, இருபது வருடத்தை ஒரு வீட்டுக்குக் கொடுத்த பெண்ணை, வசதி வந்த பிறகு கணவன் கைவிட்டுப் போகாமல் இந்தச் சட்டம் தடுக்கிறது என்பதுதான் அது. அயர்லாந்தில் 1986இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் விவாகரத்தை எதிர்த்தார்கள். வீடும் நிலமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பெண்களின் அச்சம் அதில் பெரிய பங்கு வகித்தது. 1995இலும் அதே அச்சம் பிரச்சாரத்தில் ஒலித்தது. விவாகரத்து வேண்டும் என்ற தரப்பு ஏறத்தாழ 9,000 வாக்குகளில் மட்டுமே வென்றது. அந்தப் பெண்கள் பயந்தது நியாயம். ஆனால் விவாகரத்து இல்லாத நாட்களிலும் கணவன் வீட்டைவிட்டுப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே! போனவன் போனான், இவள் மட்டும் மனைவி என்ற பெயரோடு நின்றாள். அவளுக்குத் தேவை வீட்டில் பங்கும், ஓய்வூதியத்தில் பங்கும், மாதம் தவறாத ஜீவனாம்சமும். இவற்றைக் கொடுக்கப் பூட்டு தேவையில்லை.

குற்றம் சொன்னால் திறக்கும் கதவு

இது நடுவழிபோலத் தோன்றும். தப்பு செய்தவர் தண்டனை அனுபவிக்கட்டும், மற்றவர் விடுதலை பெறட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? இங்கிலாந்தில் 1937 வரை விவாகரத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: துணைவரின் கள்ள உறவு. இருவரும் மனமொத்துப் பிரிய நினைத்தால் சட்டத்தில் இடமில்லை. அதனால் கணவன் கடற்கரை ஊர் ஒன்றில் ஹோட்டல் அறை எடுப்பான். பணம் கொடுத்து அமர்த்திய ஒரு பெண் கூட வருவாள். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் இருவரையும் ஒரே அறையில் பார்ப்பாள். பிறகு நீதிமன்றத்தில் அந்தப் பணிப்பெண் சாட்சி சொல்வாள். இரவு முழுக்க அந்த இருவரும் சீட்டாடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. நியூயார்க் மாநிலத்திலும் 1966 வரை கள்ள உறவு ஒன்றே காரணம். அங்கும் இதே போலி ஏற்பாடுகள் ஒரு தொழிலாகவே வளர்ந்தன.

இது பழைய கதை என்று நினைத்தால், 2018ஐப் பாருங்கள். நாற்பது வருடத் திருமணத்திலிருந்து விடுபட நினைத்த ஒரு பெண்மணி, கணவரின் நடத்தை பற்றி 27 சம்பவங்களை எழுதிக் கொடுத்தார். இவை சாதாரண மனத்தாங்கல்கள்தான் என்று விசாரணை நீதிபதி மனுவைத் தள்ளினார். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. சட்டம் இப்படி இருக்கும்போது எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். ஐந்து வருடப் பிரிவு முடியும்வரை, 2020 வரை, அவர் மனைவியாகவே இருக்க வேண்டியதாயிற்று. அந்த 27 சம்பவங்களின் பட்டியலை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு காலத்தில் நேசித்தவரைப் பற்றி, உட்கார்ந்து, நினைவில் கிளறி, ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த மரியாதையும் அதில் போய்விடும். அதற்கப்புறம் அதே இருவர் பிள்ளையின் படிப்பைப் பற்றியோ பேரக்குழந்தையின் பிறந்தநாளைப் பற்றியோ எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

காத்திருந்தால் திறக்கும் கதவு

கலிஃபோர்னியா 1970 முதல் குற்றம் சாட்டும் தேவையை எடுத்துவிட்டது. இங்கிலாந்து 2022 ஏப்ரலில் அங்கே வந்து சேர்ந்தது: திருமணம் முறிந்துவிட்டது என்று ஒருவரோ இருவருமோ அறிவித்தால் போதும், பிறகு இருபது வாரம் காத்திருக்க வேண்டும். அயர்லாந்தில் ஐந்து வருடத்தில் நான்கு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2019இல் 82 சதவீத வாக்குகளோடு அதை நீக்கி, இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். 1986இல் மறுத்த அதே நாடு.

இங்கே தம்பதி நீதிமன்றத்தில் சொல்வது ஒரே வரி, அதுவும் உண்மை. என் கேள்விக்குக் கிடைத்த நல்ல பதில் இதுதான்.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருதலையாக விவாகரத்து பெறலாம் என்று அமெரிக்க மாநிலங்கள் சட்டம் மாற்றியபோது, பெண்களின் தற்கொலை நாளடைவில் 8 முதல் 16 சதவீதம் வரையும், குடும்ப வன்முறை ஏறத்தாழ 30 சதவீதமும் குறைந்ததாகப் பொருளியலாளர்கள் பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வோல்ஃபர்ஸும் 2006இல் கணக்கிட்டார்கள். சாதாரண விஷயமா இது? உயிர்கள். அதேசமயம், அப்படிப்பட்ட மாநிலங்களில் வளர்ந்த குழந்தைகள் பெரியவர்களான பிறகு படிப்பிலும் வருமானத்திலும் பின்தங்கியதாக ஜொனாதன் க்ரூபர் 2004இல் காட்டினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

இந்த முரணை விளக்க உதவுவது சமூகவியலாளர்கள் பால் அமாட்டோவும் ஆலன் பூத்தும் கண்டது. தினம் சண்டை, அடிதடி என்றிருக்கும் வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளைக்கு நிம்மதி. பெரிய சண்டை எதுவும் இல்லாத, வெறுமனே சலித்துப்போன வீட்டில் பெற்றோர் பிரிந்தால் பிள்ளை நிலைகுலைகிறது. அதற்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. ஆக, இரண்டு வீட்டுக்கும் ஒரே வேகத்தில் திறக்கும் கதவு பொருந்தாது.

நாமே போட்டுக்கொள்ளும் பூட்டு

அமெரிக்க மாநிலமான லூசியானா 1997இல் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. அரிசோனாவும் ஆர்கன்சாவும் பின்தொடர்ந்தன. விரும்பும் ஜோடி, கல்யாணத்துக்கு முன் ஆலோசனை பெற்று, சுலபமாகப் பிரிய மாட்டோம் என்று கையெழுத்திடலாம். பிரிவதற்கு முன்பும் ஆலோசனைக்குப் போக வேண்டும், இரண்டு வருடம் தனித்திருக்க வேண்டும். ஆனால் அடி உதை என்றால் அந்தக் காத்திருப்பு கிடையாது. வாழ்நாள் பிணைப்பைப் போற்றும் சட்டமே வன்முறைக்குத் தனிவழி விட்டதை நான் மதிக்கிறேன். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நூற்றுக்கு ஓரிரு ஜோடிதான். நிரந்தரத்தை மனதார விரும்புகிறவர்களும், வரப்போகும் எல்லா நாளுக்கும் இன்றே கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், மூன்றாவதைத்தான் எடுப்பேன், லூசியானாவிடமிருந்து அந்த ஒரு விதிவிலக்கைக் கடன் வாங்கி. சலிப்பில் பிரிகிறவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வருடமாவது காத்திருப்பு இருக்கட்டும். மனம் மாறிக் கூடி வாழ நினைப்பவர்களுக்கும் அந்த அவகாசம் கிடைக்கும். அடிபட்டவருக்கு ஒருநாள்கூட வேண்டாம். காத்திருக்கும் அந்த ஒரு வருடத்தில் சம்பாதிக்காதவர் யாரை நம்பிச் சாப்பிடுவார் என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும். இடைக்காலப் பராமரிப்புத் தொகை, மனு கொடுத்த முதல் மாதத்திலிருந்தே கைக்கு வந்தாக வேண்டும்.