மண்டை ஓட்டு மோதிரமா, சிலேசியக் கழுகா, மக்டபர்க் பின்னா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜெர்மனியில் இயங்கிய துணைப்படைகளின் பேட்ஜ்களைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.எஸ். அமைப்பின் மண்டை ஓட்டு மோதிரத்தைத்தான். அதற்குப் பெயரும் பெரிது, விலையும் பெரிது, அதைச் சுற்றி உலவும் கதைகள் இன்னும் பெரிது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றில் அதைவிட மோசமான தேர்வு கிடையாது. அந்தக் காலத்தைப் புரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால், அதைவிட அதிகம் சொல்லும் பொருட்கள் அதன் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன. எஸ்.எஸ். மோதிரம், ஃப்ரைகோர் எனப்பட்ட தன்னார்வப் படைகளின் பேட்ஜ்கள், முன்னாள் போர்வீரர்களின் ஷ்டால்ஹெல்ம் சங்கத்தின் உறுப்பினர் சின்னங்கள், மக்டபர்க் நகரில் பிறந்து குடியரசைக் காக்க நின்ற ரைக்ஸ்பானர் அமைப்பின் பின்கள் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். பேரரசு சரிந்து ஜெர்மனி குடியரசானபின் 1919 ஆகஸ்டில் வந்த வைமர் அரசியல் சட்டத்தின் 109ஆவது பிரிவு, அரசு விருதுகளையும் பதக்கங்களையும் வழங்கக் கூடாது என்று சொன்னது. பேரரசர் கைசர் காலத்து மார்பு நிறைந்த பதக்கப் பழக்கத்துக்கு முடிவு கட்டுவதுதான் எண்ணம். ஆனால் சண்டை ஓயவில்லை, சண்டை போட்டவர்களுக்குப் பதக்க ஆசையும் தீரவில்லை. அதனால் படைத் தலைவர்களும் பழைய வீரர் சங்கங்களும் தாங்களே பேட்ஜ் வடிவமைத்து, நகைக்கடைகளிலும் பட்டறைகளிலும் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். யாருக்கு எத்தனை கொடுக்கப்பட்டது என்பதற்குப் பெரும்பாலும் அரசுப் பதிவேடு இல்லை. ஒரே பேட்ஜை நான்கு பட்டறைகள் நான்கு விதமாகச் செய்திருக்கும். இந்தத் துறையின் சுவையும் சிக்கலும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் மோதிரம். எஸ்.எஸ். தலைவர் ஹைன்ரிக் ஹிம்லர் இதை 1934 ஏப்ரலில் தொடங்கினார். முதலில் பழைய உறுப்பினர்களுக்கு மட்டும், பிறகு குறிப்பிட்ட காலம் பணியாற்றிய அதிகாரிகளுக்கெல்லாம். மியூனிக்கில் இருந்த ஓட்டோ கார் நிறுவனம் வெள்ளியில் செய்தது. வெளிப்புறத்தில் மண்டை ஓடு, ஓக் இலைகள், பழைய ஜெர்மானிய ரூன் எழுத்துகள். உள்புறத்தில் பெற்றவரின் குடும்பப் பெயர், வழங்கிய தேதி, ஹிம்லரின் கையொப்பம். பெற்றவர் அமைப்பை விட்டு விலகினாலோ இறந்தாலோ மோதிரம் திரும்பி வரவேண்டும். இறந்தவர்களின் மோதிரங்கள் வெஸ்ட்ஃபாலியாவில் உள்ள வேவெல்ஸ்பர்க் கோட்டையில் வைக்கப்பட்டன. 1944 அக்டோபரில் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. மொத்தம் சுமார் 14,500 வழங்கப்பட்டதாகக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் போர் முடிவதற்குள்ளேயே கோட்டைக்குத் திரும்பிவிட்டன. அப்படியானால் வெளியே தப்பிப் பிழைத்தவை சில ஆயிரங்களைத் தாண்டாது. சந்தையில் சுற்றுபவற்றின் எண்ணிக்கையோ இதோடு கொஞ்சமும் ஒட்டவில்லை.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? அசல் மோதிரம் வெள்ளிப் பட்டையை வளைத்துச் செய்தது. மண்டை ஓட்டைத் தனியாகச் செய்து, பட்டையின் இணைப்பு மறையும்படி அதன் மேல் பற்றவைத்திருப்பார்கள். நகைக்கடை லென்ஸை வைத்து மண்டை ஓட்டின் ஓரத்தைப் பார்த்தால் அந்தப் பற்று தெரிய வேண்டும். முழு மோதிரமும் ஒரே வார்ப்பாக இருந்தால், ஓக் இலை நரம்புகள் மழுங்கியிருந்தால், உள்ளெழுத்து கையால் வெட்டிய கூர்மை இல்லாமல் உருகினதுபோல் இருந்தால், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். பெயரை எஸ்.எஸ். அதிகாரிகளின் பணிமூப்புப் பட்டியலோடு ஒப்பிடலாம். அதில் மோதிரம் பெற்றவர்களுக்குத் தனிக் குறி உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் உங்களுக்குக் கிடைப்பதுபோல் போலி செய்பவனுக்கும் கிடைக்கிறது. நல்ல போலிகளில் நிஜமான பெயரும் பொருந்தும் தேதியும் இருக்கின்றன. பல ஆயிரம் யூரோ கேட்கும் பொருளுக்கு இவ்வளவு பலவீனமான ஆதாரம் போதுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பணத்தை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. மோதிரத்தின் வீடாகச் சொல்லப்படும் வேவெல்ஸ்பர்க் கோட்டை கைதிகளின் உழைப்பில் விரிவாக்கப்பட்டது. அதற்கென்றே அந்த ஊரில் நீடர்ஹாகன் வதைமுகாம் நடந்தது. அங்கே வந்த சுமார் 3,900 பேரில் குறைந்தது 1,285 பேர் இறந்தார்கள். விற்பனைக் குறிப்புகளில் ரூன்களின் மர்மம், மோதிரங்கள் இருந்த பெட்டி காணாமல்போன கதை, அதை மலைக்குள் புதைத்த கதை எல்லாம் இருக்கும். இந்த எண் மட்டும் இருக்காது. ஒரு பொருளின் வரலாற்றை மறைத்தால்தான் அது விலை போகும் என்றால் அது சேகரிப்புக்கு உரிய பொருள் இல்லை. அதற்குரிய இடம் அருங்காட்சியகம். அந்தக் கோட்டையிலேயே இப்போது எஸ்.எஸ். அமைப்பின் கொடுமைகளை விளக்கும் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்வம் இருப்பவர்கள் மோதிரத்தில் போடும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து அங்கே போய்வரலாம்.

சரி, ஃப்ரைகோருக்கு வருவோம். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கடினமானதும்கூட. 1918 நவம்பரில் பேரரசு சரிந்தபின், கலைந்துகொண்டிருந்த ராணுவத்திலிருந்து அதிகாரிகள் ஆள் சேர்த்துக் கட்டிய படைகள் இவை. பெர்லினில் கிளர்ச்சியை அடக்கியதும் இவைதான். 1919 ஜனவரி 15 அன்று கம்யூனிஸ்ட் தலைவர்களான ரோசா லக்சம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் கொன்றதும் இப்படிப்பட்ட படையினர்தான். 1920 மார்ச்சில் குடியரசைக் கவிழ்க்க நடந்த காப் புரட்சி முயற்சியின்போது பெர்லினுக்குள் நுழைந்த ஏர்ஹார்ட் பிரிகேட் என்ற ஃப்ரைகோர் ஆட்கள் தலைக்கவசத்தில் ஸ்வஸ்திகா வரைந்திருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. ஆகவே இந்த பேட்ஜ்களில் வீரம் மட்டும் தேடுபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

இவற்றில் தொடங்குவதற்கு ஏற்றவை இரண்டு: சிலேசியக் கழுகும் பால்டிக் சிலுவையும். அன்றைய ஜெர்மனியின் கிழக்கு எல்லைப் பகுதியான சிலேசியாவின் பெயர் கொண்ட சிலேசியக் கழுகு 1919 ஜூனில் வந்தது. கிழக்கு எல்லையில் மூன்று மாதம் பணியாற்றியவருக்கு இரண்டாம் வகுப்பு, ஆறு மாதம் பணியாற்றியவருக்கு முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும், முதல் வகுப்பை நேரே சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் கறுப்பு பூசிய கழுகு, விரிந்த சிறகு, கீழே ‘ஃபூர் ஷ்லேசியன்’, அதாவது ‘சிலேசியாவுக்காக’ என்ற எழுத்து. அசலில் சிறகின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழும்பி நிற்கும். பல வருடம் அணிந்ததில் மேடான இடங்களில் கறுப்பு தேய்ந்து உலோகம் எட்டிப் பார்க்கும், பள்ளங்களில் கறுப்பு அப்படியே இருக்கும். பழசாக்கப்பட்ட போலியில் தேய்மானம் கண்ட இடத்திலெல்லாம் இருக்கும். சட்டையில் உரசவே முடியாத உள்மூலையில் பூச்சு போயிருந்தால் அது அணிந்ததால் போனது இல்லை. பின்பக்கத்தையும் விடாதீர்கள். கொக்கியும் கீலும் பற்றவைத்த இடத்தில் கைவேலை தெரியும், ஊசி கொஞ்சம் வளைந்திருக்கும்.

பால்டிக் சிலுவை, 1919இல் லாட்வியா பக்கம் போல்ஷ்விக்குகள் எனப்பட்ட கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட ஜெர்மன் தன்னார்வலர்களுக்கு வழங்கப்பட்டது. அங்கே நிலமும் குடியுரிமையும் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள் ஏராளம். மே மாதம் ரிகாவைப் பிடித்தார்கள். ஜூனில் செசிஸ் அருகே எஸ்டோனியர்களிடமும் லாட்வியர்களிடமும் தோற்றார்கள். போன காரியம் நடக்காமல் கசப்போடு திரும்பிய அந்தக் கூட்டத்திலிருந்து பலர் பிறகு தீவிர வலதுசாரி இயக்கங்களுக்குப் போனார்கள். வேறெந்த பேட்ஜும் 1919க்கும் 1933க்கும் இடையிலான பாதையை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

இந்த இரண்டையும் பரிந்துரைக்க நடைமுறைக் காரணமும் உண்டு. நாஜி அரசு 1930களின் நடுவில் ஃப்ரைகோர் பேட்ஜ்களை வரிசைப்படுத்தியபோது, இவை இரண்டைத் தவிர மற்றவற்றை அணியத் தடை விதித்தது. அதனால் இவற்றுக்கு ஆவணங்கள் அதிகம், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகளும் அதிகம். மற்ற படைகளின் தனிச் சின்னங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஓபர்லாந்து படையின் எடெல்வைஸ் பூவை விரும்பாதவர் குறைவு. 1921 மே மாதம் மேல் சிலேசியாவின் அன்னாபெர்க் குன்றில் போரிட்ட படை அது. 1923இல் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்ற ஹிட்லரோடு சேர்ந்து நின்றதும் அதே படைதான். ஆனால் அந்த மாதிரிச் சின்னங்களில் பழைய வீரர்களே கூடுதல் பிரதிகள் செய்து வாங்கியவை உண்டு, போருக்குப் பிறகு பழைய அச்சில் மறுபடி அடித்தவையும் உண்டு. வழங்கல் சான்றிதழ் கூட வராவிட்டால் தொடாதீர்கள். சான்றிதழோடு வந்தாலும் காகிதத்தின் வயதைப் பாருங்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் பிற்காலத் தாள் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். துணிச் சின்னங்களின் நூலுக்கும் இதே சோதனை.

அடுத்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் பிறந்தது ஒரே ஊரில். ஷ்டால்ஹெல்ம் என்ற முன்னாள் போர்வீரர் சங்கத்தை ஃப்ரான்ஸ் செல்டே 1918 இறுதியில் மக்டபர்க்கில் தொடங்கினார். அது குடியரசை வெறுத்தது, 1930 வாக்கில் சுமார் ஐந்து லட்சம் உறுப்பினர்களோடு இருந்தது. 1924 பிப்ரவரியில் அதே மக்டபர்க்கில் ஓட்டோ ஹோர்சிங் தலைமையில் ரைக்ஸ்பானர் ஷ்வார்ஸ்-ரோட்-கோல்ட் உருவானது. சமூக ஜனநாயகக் கட்சி, கத்தோலிக்க மையக் கட்சி, ஜெர்மன் ஜனநாயகக் கட்சி ஆகிய மூன்றையும் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களும் போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களே. கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடியையும் குடியரசையும் காப்பதுதான் அவர்கள் வேலை.

ஷ்டால்ஹெல்ம் சின்னங்களில் வாங்கத் தகுந்தது சேர்ந்த ஆண்டைக் காட்டும் வெள்ளி பேட்ஜ். முன்னால் எஃகுத் தலைக்கவசமும் ஆண்டும். திருப்பினால் பின்னால் உறுப்பினரின் பெயரும் சேர்ந்த தேதியும் வெட்டியிருக்கும். மோதிரத்தில் இருக்கும் பெயரைப்போல இதுவும் ஒரு பெயர்தான். ஆனால் இது ஒரு சாதாரண ஊர்க்காரரின் பெயர். விலை சில நூறு யூரோக்களுக்குள் இருப்பதால் போலி செய்பவர்கள் இதில் பெரிதாக மெனக்கெடுவதில்லை. பெயர் வெட்டிய கோடுகளுக்குள் பழைய அழுக்கு படிந்திருக்கிறதா, எழுத்து வெட்டிய பிறகுதான் பின்பக்கம் தேய்ந்ததா என்று பார்த்தால் போதும். இதையும் வெள்ளையடித்துச் சொல்லக் கூடாது. 1924இலேயே யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்த சங்கம் இது. பிறகு அதன் இரண்டாம் தலைவர் தியோடர் டூஸ்டர்பெர்க் 1932 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவருடைய தாத்தா யூதர் என்பதை நாஜிகள் அம்பலப்படுத்தி அவமானப்படுத்தினார்கள். சங்கமே 1935இல் கலைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட யூத வீரர்களுக்கு 1919இலேயே தனிச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் பேட்ஜ் கிடைத்தால் ஷ்டால்ஹெல்ம் பேட்ஜின் பக்கத்தில் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

ரைக்ஸ்பானர் பின்கள் சின்னவை, எனாமல் போட்டவை. பொருளாகப் பார்த்தால் மோதிரத்தின் வேலைப்பாட்டுக்குக் கிட்டேயே வராது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். 1931 டிசம்பரில் ரைக்ஸ்பானரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ‘இரும்பு முன்னணி’ அமைத்தன. அதற்கு மூன்று அம்புகள் சின்னத்தைக் கொடுத்தவர் ரஷ்யாவிலிருந்து வந்த விஞ்ஞானி செர்கேய் சகோத்தின், கூட நின்றவர் கார்லோ மீரன்டோர்ஃப். சுவரில் வரைந்த ஸ்வஸ்திகாவின் மேல் யார் வேண்டுமானாலும் சாக்கட்டியால் மூன்று கோடு போட்டு அதை அடித்துவிட முடியும். அந்த எளிமைதான் அதன் பலம். 1933இல் அமைப்பு தடைசெய்யப்பட்டது. மீரன்டோர்ஃப் 1938 வரை வதைமுகாம்களில் கிடந்தார். இந்த பின்னை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்ற நாட்களில் அதைத் தூக்கி எறியாமல் யாரோ ஒருவர் வைத்திருந்ததால்தான் இன்று அது விற்பனைக்கு வருகிறது. அந்தத் துணிச்சலுக்கு ஈடாக எதுவும் மோதிரத்தில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மூன்று அம்புகளை இன்றைக்கும் பாசிச எதிர்ப்பாளர்கள் புதிதாகச் செய்து அணிகிறார்கள். அவற்றைப் பழசு என்று விற்பவர்கள் உண்டு. பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் அழுத்திக் கழற்றும் பட்டாம்பூச்சிக் கிளிப் இருந்தால் அது அந்தக் காலத்தது இல்லை. நீளமான ஊசியோ சட்டைப் பொத்தான் துளையில் மாட்டும் கொண்டையோ இருக்க வேண்டும்.

நாஜிக் கட்சியின் இன்னொரு துணைப்படையான எஸ்.ஏ.யின் விளையாட்டு பேட்ஜையும் சிலர் கேட்பார்கள். 1933 இறுதியில் தொடங்கி லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டது. வெண்கல வகை எங்கும் கிடைக்கும், அதனாலேயே அதைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி நாஜி சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அங்கே விற்பனைப் படங்களில் ஸ்வஸ்திகாவை மறைத்திருப்பது அதனால்தான். ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரியிலிருந்து நாஜி சின்னங்கள் உள்ள பொருட்களை வணிகம் செய்யவே தடை இருக்கிறது. சிட்னியிலோ மெல்பர்னிலோ இருப்பவர்கள் இதை முதலில் படித்துவிட்டு மற்றதை யோசிக்கவும். நாஜி சின்னம் இல்லாத சிலேசியக் கழுகுக்கும், ஷ்டால்ஹெல்ம் ஆண்டு பேட்ஜுக்கும், மூன்று அம்புகளுக்கும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

இப்போதுதான் தொடங்குபவர் என்றால், முதலில் ஒரு மூன்று அம்புகள் பின், அப்புறம் பெயர் வெட்டிய ஒரு ஷ்டால்ஹெல்ம் பேட்ஜ், கை பழகியபின் சான்றிதழோடு ஒரு சிலேசியக் கழுகு. இந்த வரிசையில் போங்கள். எதை வாங்கினாலும் விற்பவரிடம் பின்பக்கத்தின் தெளிவான படமும், ஊசியின் கீல் தெரியும் படமும், கிராமில் எடையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் பேரம் பேச வேண்டாம், அடுத்தவரிடம் போய்விடுங்கள்.