220 கிரிட் கல்லோடு மூன்று வருடம்

கத்தி விளிம்பின் கோணத்தை மாற்ற எந்தத் தீட்டுக்கல் வாங்கலாம் என்று நண்பர் போன வாரம் கேட்டார். நான் வைத்திருப்பது 220 கிரிட் சிலிக்கான் கார்பைடு கல் (கிரிட் என்பது துகளின் பருமனைச் சொல்லும் எண்; எண் குறையக் குறையக் கல் முரடு). அதில் எனக்கு உள்ள ஒரே புகார், பள்ளம் விழுவது.

ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் மேல் நிறுத்தி விளக்குக்கு நேரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் கசியும். தடித்த கத்தி ஒன்றைப் பக்கத்துக்கு 20 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறக்கி முடிப்பதற்குள் இந்த நிலை வந்துவிடுகிறது. குழிந்த கல்லில் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் கோணம் நிற்காது. தட்டையாக வர வேண்டிய கத்தி விளிம்பின் சரிவு உருண்டுவிடும். கல்லின் ஓரங்களையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன், அடிக்கடி திருப்பி வைக்கிறேன். அப்படியும் பள்ளம் தள்ளிப் போகிறதே தவிர, விழாமல் இருப்பதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கல் சீக்கிரம் தேய்கிற காரணத்தால்தான் வேகமாக வெட்டுகிறது. மழுங்கிய துகள் உதிர்ந்து புதுத் துகள் மேலே வந்துகொண்டே இருக்கும். இதற்கு முன் வைத்திருந்த கெட்டியான கல்லில் பள்ளமே விழவில்லை. பத்து நிமிடத்தில் மேற்பரப்பு பளபளவென்று ஆகி, கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.

முதல் வருடம் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பள்ளத்தை எடுக்க 400 கிரிட் வைரத் தகட்டில் கல்லைத் தேய்த்தேன். அந்தத் தகட்டில் வைரத் துகள்கள் நிக்கல் பூச்சில்தான் பதிந்திருக்கும். கல்லிலிருந்து உதிரும் முரட்டுத் துகள் அந்த நிக்கலை அரித்துவிடும். சில மாதங்களில் தகடு வழவழவென்று ஆகிவிட்டது. இன்று நினைத்தாலும் வயிற்றெரிச்சல்தான்.

இப்போது தடித்த கண்ணாடித் தகட்டில் 60 கிரிட் சிலிக்கான் கார்பைடு பொடியைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, எட்டு போடுவது மாதிரி கல்லைத் தேய்க்கிறேன். அதற்கு முன் கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்வேன். நடுவில் உள்ள கோடுகள்தான் கடைசியில் அழியும். சமமாவதோடு கல்லின் கடியும் திரும்பிவிடுகிறது. முதல் தடவை கத்தியை வைத்து இழுத்ததும் 'கரக்' என்று பிடித்தது. வாங்கிய அன்றுகூட இப்படிப் பிடித்ததாக நினைவில்லை.

நண்பர் கேட்ட அன்று இரண்டு கத்திகளை முடித்துவிட்டு, மூன்றாவது முறையாகக் கல்லைச் சமப்படுத்திக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வலி வேறு. "இந்தக் கல் வேண்டாம், 140 கிரிட் வைரத் தகடு வாங்குங்கள், அது குழியாது" என்று பதில் அனுப்பிவிட்டேன். தகடு கத்தியில் விடும் ஆழமான கீறல்களை அடுத்த நைசான கல்லில் எடுப்பதற்குள் உயிர் போகும் என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று. இன்று போன் செய்து சொல்ல வேண்டும். என் கல் பாதித் தடிமனுக்கு வந்துவிட்டது, தீர்ந்ததும் நான் வாங்கப்போவது இதே கல்தான் என்பதையும் சேர்த்து.